ஜிடி40 பிரதி: பாம்புக் கொத்து எக்ஸாஸ்ட் ஒருவழியாக உட்கார்ந்தது

ஃபோர்டு ஜிடி40 ரேஸ் காரின் பிரதிக்கு நாங்கள் செய்கிற, பாம்புகள் பின்னியதுபோல் குறுக்கே தாவுகிற எக்ஸாஸ்டின் எட்டு பைப்பும், அவை நான்கு நான்காகச் சேருகிற இரண்டு கலெக்டரும் என்ஜின்மேல் ஏறிவிட்டன. ஹெட்டில் போல்ட் போடுகிற தகடான ஃபிளேஞ்சின் முகத்திலிருந்து கலெக்டர் வாய்வரை ஒவ்வொன்றும் சுமார் 915 மி.மீ. மிக நீளமானதற்கும் மிகக் குட்டையானதற்கும் வித்தியாசம் 7 மி.மீ. மட்டும். அதைவிடப் பெருமையான விஷயம், என்ஜினை இறக்காமல், கியர்பாக்ஸைத் தொடாமல், எட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே எடுக்க முடிகிறது. பிளக் மாற்றவே பாதி வண்டியைப் பிரிக்க வேண்டிய பிரதிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இலக்கு 1968–69-இல் கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் ஓடிய ஜிடி40 வண்டி. செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போன 1968 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோட்ரிகஸ்–பியாங்கி ஜோடியும், அடுத்த ஆண்டு ஹெர்மனின் போர்ஷே 908-ஐச் சுமார் 120 மீட்டரில் முந்தி இக்ஸ்–ஆலிவர் ஜோடியும் ஜெயித்தது ஒரே சேசிஸில், பி/1075-இல். அதில் இருந்தது 302 கன அங்குல ஃபோர்டு வி8, கர்னி-வெஸ்லேக் சிலிண்டர் ஹெட். இங்கே அதே 302, ஆனால் ஹெட் மட்டும் இன்று கடையில் கிடைக்கிற அலுமினிய ஹெட். கூரை தரையிலிருந்து 40 அங்குலம்தான் என்பதால், கார்புரேட்டருக்குப் பின்னால், கிளட்சை மூடுகிற பெல்ஹவுசிங்குக்கு மேலே இருக்கிற பொந்துதான் எக்ஸாஸ்டுக்கு மிஞ்சுகிற இடம். அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

எந்த பைப் எந்த கலெக்டருக்கு என்பதில் சமரசமே கூடாது. வலது வரிசையில் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. இடது வரிசையில் 5, 6, 7, 8. பழைய ஃபோர்டு 289, 302-இன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. ஒவ்வொரு வரிசையையும் தனியே பார்த்தால் வெடிப்புகள் சீராக வராது: வலது பக்கம் கிராங்க் சுழற்சியில் 180, 90, 180, 270 டிகிரி இடைவெளி. 4 வெடித்த 90 டிகிரியிலேயே 2 வெடித்து, ஒன்றின் புகை இன்னொன்றின் முகத்தில் அடிக்கிறது. இதைச் சரிசெய்ய ஒன்றுவிட்டு ஒன்றைப் பிரித்தெடுக்கிறோம். 1, 4, 6, 7 வலது கலெக்டருக்கு. 5, 2, 3, 8 இடது கலெக்டருக்கு. இப்போது ஒவ்வொரு கலெக்டருக்கும் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, கடிகாரம் மாதிரி. அந்த வண்டிகளின் கிழிக்கிற சத்தத்துக்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் வெளிச் சிலிண்டர்கள் தன் பக்கத்திலேயே இருக்கும், நடுவில் உள்ள இரண்டும் எதிர்ப்பக்கம் தாவும்.

வெடிக்கும் வரிசையை மாற்றுகிற கேம்ஷாஃப்ட் போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஃபோர்டின் 351 வின்ட்ஸர், பின்னால் வந்த 5.0 ஹெச்ஓ என்ஜின்களின் ஆர்டர் 1-3-7-2-6-5-4-8. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துப் பாருங்கள்: 1, 7, 6, 4 ஒரு பக்கம், 3, 2, 5, 8 மறு பக்கம். அதே கூட்டணிதான்! கலெக்டருக்குள் வெடிப்பு சுற்றும் திசை மட்டும் தலைகீழாகிறது. அதனால் கலெக்டரின் நான்கு வாயையும் 1-4-6-7 என்று வட்டமாக அடுக்கிவிட்டால், எந்த கேம் போட்டாலும் அடுத்தடுத்து வெடிக்கிற பைப்புகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மூலைக்கு மூலை 1-க்கு எதிரே 6, 4-க்கு எதிரே 7.

பைப் 44.5 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. தடிப்பு, 304 ஸ்டெயின்லெஸ். 76 மி.மீ. ஆரத்தில் மேண்ட்ரல் வளைவு (உள்ளே தண்டு வைத்து நசுங்காமல் வளைத்தது) போட்ட யு பெண்டு 20, நேர் பைப் 5 மீட்டர், 10 மி.மீ. தகட்டில் வெட்டிய ஃபிளேஞ்ச் இரண்டு. யு பெண்டை ஒரே சமயத்தில், ஒரே லாட்டில் வாங்குங்கள். இரண்டாவது தவணையாக வந்த சரக்கில் ஆரம் 76 என்று சீட்டில் எழுதியிருந்தது, அளந்தால் 80. கேட்டால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்கிறார்கள். ஒன்று இல்லை. 76-இல் 90 டிகிரி வளைவின் மையக்கோட்டு நீளம் 119 மி.மீ. சொச்சம், 80-இல் 125.7. ஒரு பைப்பில் 360 டிகிரி வளைவு இருந்தால் 25 மி.மீ. எங்கேயோ போய்விடும். வெர்னியரை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். வளைவின் நடுவில் 44.5-க்கு 43.6 காட்டினால் அந்தத் துண்டை வெட்டு விழாத இடத்தில் பயன்படுத்துங்கள். முட்டை வடிவ வாயை வட்ட வாயோடு டிக் வெல்டிங்கில் சேர்ப்பது வீண் போராட்டம்.

நீளத்தை முடிவு செய்வது 2, 6 இரண்டும்தான். முன்பக்கத்தில் இருந்துகொண்டு எதிர்ப்பக்கமும் தாவ வேண்டியவை. இவற்றுக்கு எவ்வளவு தேவையோ அதுவே எட்டுக்கும் நீளம். 302-இல் சிலிண்டர் மையத்துக்கு மையம் 111 மி.மீ.; ஆக 4-ஆவது 1-ஐவிட 334 மி.மீ. கலெக்டருக்கு அருகில் இருக்கிறது. அந்த 334-ஐயும் எங்காவது சுற்றிக் கரைக்க வேண்டும். முதலில் 2, 6. பிறகு 3, 7. பிறகு 1, 5. கடைசியாக 4, 8. சுற்ற வேண்டியவை கடைசியில் வந்தால் மிச்ச இடுக்குகளில் நுழைத்துவிடலாம். முதலிலேயே அவற்றை அழகாகச் சுற்றி வைத்துவிட்டால், தாவுகிற நான்கிற்கும் வழி கிடைக்காது. 25 மி.மீ. நீளத்தில் ஒன்றோடொன்று மாட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள் கிடைக்கின்றன. முழுக் கொத்தையும் அவற்றில் கட்டிப் பார்த்த பிறகே பைப்பில் கை வைத்தோம். இந்தக் கட்டைகளுக்குச் செலவழிப்பது வீணாகாது.

வெட்டு எப்போதும் வளைவின் ஆரக்கோட்டில்தான் விழ வேண்டும். சாய்ந்தால் வாய் நீள்வட்டமாகிவிடும். வெட்டுவதற்கு முன் வளைவின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு. எத்தனை டிகிரி முறுக்கிச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் படிக்கிறோம். மூன்று டாக் (பொட்டு வெல்டு) அடித்து, என்ஜினில் மாட்டிப் பார்த்து, பிறகு முழு வெல்டிங். உள்ளே ஆர்கான் நிமிடத்துக்கு 4 லிட்டர், 308எல் ஃபில்லர். உள்ளே ஆர்கான் ஓடாவிட்டால் வெல்டின் உட்பக்க வேரில் கறுப்பாகச் சர்க்கரைபோல் பூத்து, பின்னால் அங்கேதான் விரிசல் விடும். ஃபிளேஞ்சை 20 மி.மீ. தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, வெல்டிங் முடிந்து கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை கழற்றவே கூடாது. உடனே கழற்றினால் வாழைக்காயாக வளையும்.

நீளத்தைச் சரிபார்க்க டேப்பை நம்பவில்லை. பைப்பின் ஒரு முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி அளந்தோம். உள்விட்டம் 41.3 மி.மீ., அதாவது 915 மி.மீ. பைப்பில் 1,226 மி.லி. பிடிக்க வேண்டும். ஒரு மி.மீ. நீளத்துக்கு 1.34 மி.லி. எப்படி வளைந்திருந்தாலும் குறுக்குப் பரப்பை மையக்கோட்டு நீளத்தால் பெருக்கியதுதான் கொள்ளளவு, ஆகவே வளைவு கணக்கைக் குழப்பாது. 3-ஆவது பைப்பில் 1,226-க்கு 1,251 மி.லி. பிடித்தது, கலெக்டர் முனையில் 18 மி.மீ. நறுக்கியதும் சரியானது. ஃபிளேஞ்ச் முனையை டி வடிவத்துக்குத் தட்டியிருப்பதால் எட்டிலும் ஒரே அளவு பிழை வரும். ஒப்பிடுவதற்கு அது பாதிக்காது.

இனி விரிவு. 304 நன்றாகவே விரியும். 915 மி.மீ. பைப் 600 டிகிரி சூடேறினால் 9 மி.மீ.க்கு மேல் நீளும். இரண்டு ஹெட்டுக்கும் நடுவே தாவுகிற பைப்பை முழுக்க வெல்டு செய்து கட்டிப்போட்டால், அந்த 9 மி.மீ. ஃபிளேஞ்ச் ஓரத்து வெல்டைத்தான் பிளக்கும். அதனால் எட்டுக்கும் கலெக்டர் வாயில் வழுக்கு ஜாயின்ட், அதாவது ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற இணைப்பு. தாவுகிற நான்கிற்கும் பெல்ஹவுசிங்குக்கு மேலே இன்னொன்று. உள்நுழைவு 35 மி.மீ., விட்டத்தில் இடைவெளி 0.25 மி.மீ. என்ஜின் பக்கத்துப் பைப் உள்ளே, கலெக்டர் பக்கத்து உறை வெளியே. புகை விளிம்பில் மோதக் கூடாது. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் இரண்டு ஸ்பிரிங். நடு ஜாயின்ட் போட்டதால்தான் கழற்றுவது சாத்தியமானது: முதலில் கலெக்டர்கள் பின்னால் வரும், அடுத்து 4, 8, அதன்பின் தாவும் பைப்புகளின் பின்பாதி. பிறகு மற்றவை தானாக வழிவிடும்.

வழுக்கு ஜாயின்ட்டுக்கு ஒரு விலை உண்டு. ஐடிலில் அந்த இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும்; புகையில் ஆக்சிஜனை அளக்கிற லாம்டா சென்சார் எரிபொருள் குறைவாகப் போகிறது என்று பொய் சொல்லும். அதை நம்பி வெபர் கார்புரேட்டரில் ஐடில் ஜெட்டைப் பெரிதாக்கினால் பிளக் கரியாகிவிடும். டியூனிங் முடியும்வரை ஜாயின்ட்களில் எக்ஸாஸ்ட் பேஸ்ட் பூசி வைப்பது உத்தமம்.

கலெக்டரின் நடுவில் நான்கு வட்டங்களுக்கும் இடையே ஒரு வைர வடிவ ஓட்டை மிஞ்சும். அதைத் தட்டையாக அடைக்காமல், நாலு பட்டைக் கூம்பு ஒன்று செய்து கூர்முனை பின்னோக்கி இருக்கும்படி வையுங்கள். வெளிவாய் 63.5 மி.மீ.

இடைவெளிகள்: கிளட்ச் ஹைட்ராலிக் குழாயிலிருந்து 40 மி.மீ., நடுவே ஒரு தகடு. வலப்பக்கம் ஓடுகிற கியர் ராடிலிருந்து 15, ஏனென்றால் என்ஜின் மவுண்டில் ஆடும். பின்மூடியிலிருந்து குறைந்தது 25, உட்பக்கம் வெப்பம் திருப்புகிற ஃபாயில் ஒட்டி. மூடியின் பாலியெஸ்டர் ரெசின் 100 டிகிரிக்குள்ளேயே இளகும். பெயின்ட் கொப்பளித்த பிறகு ஃபாயில் ஒட்டிப் பயனில்லை. ஃபிளேஞ்ச் போல்ட் 3/8-16, பன்னிரண்டு முனைச் சின்னத் தலை. சாதா அறுகோணத் தலைக்கு 3-இலும் 7-இலும் ஸ்பேனர் நுழையாது.

கியர்பாக்ஸ் பற்றி அடிக்கடி வருகிற கேள்வி: அசலில் இருந்த இசட்.எஃப். 5டிஎஸ்-25 கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பட்ஜெட் இருந்தால் குவாய்ஃபின் இசட்.எஃப்.க்யூ. போர்ஷே ஜி50, ஆடி 01ஈ இரண்டும் தாங்கும். ஆனால் உறையின் உயரம் வேறு, கலெக்டர் இருக்கிற உயரமும் மாறும். கியர்பாக்ஸ் முடிவாகாமல் பைப் வெட்டாதீர்கள்.

பிரிட்டனில் பதிவு செய்கிறவர்கள் பிளாக்கின் வார்ப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். 1975 ஆகஸ்டுக்கு முந்தைய என்ஜின் என்று காட்டினால் புகையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. பிளாக்கில் உள்ள தேதிக் குறி 8சி14 என்றால் 8-இல் முடிகிற ஆண்டு, மார்ச் 14. எந்தப் பத்தாண்டு என்பதை வார்ப்பு எண்ணின் முதல் எழுத்து சொல்லும், சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். சத்தம் மட்டும் தப்பாது: பதிவுக்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் தனியே நடக்கும் ஐவிஏ சோதனையில் 99 டெசிபெல் வரம்பு. அதற்காக மெகாஃபோன் வடிவ உறைக்குள் துளைக்குழாயும் பாசால்ட் பஞ்சும் வைத்த சைலன்சர் இரண்டு அடுத்து செய்யப் போகிறோம். வெளிப்பார்வைக்கு 1968 மாதிரியே இருக்க வேண்டும் என்பதால் உறை 100 மி.மீ. விட்டத்தைத் தாண்டாது, நீளத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். வெபர் லிங்கேஜ் இன்னும் பெட்டியில் கிடக்கிறது. அதற்கு முன் முதல் சூடேற்றல்: இருபது நிமிடம் 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, முழுக்க ஆறியதும் பதினாறு ஃபிளேஞ்ச் போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்.