புரிந்துகொள்வார் என்று எழுதாதீர்கள்

புதிதாகப் பாடத்திட்டம் எழுதுகிற பயிற்றுநர்கள் என்னிடம் காட்டும் முதல் வரைவில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "பயிற்சியின் முடிவில் ஊழியர் முழு உடல் ஹார்னஸின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்." ஹார்னஸ் என்பது உயரத்தில் வேலை செய்பவர் விழுந்தால் தாங்குவதற்காக உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை. அந்த வரியின் ஓரத்தில் நான் எழுதுவது எப்போதும் ஒரே கேள்விதான். அவர் புரிந்துகொண்டார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உயரத்தில் வேலை செய்யும் கட்டுமான ஊழியர்களுக்குத் தமிழில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது என் தொழில். என் வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகள். வகுப்பு முடிந்த சில நாட்களில் சிங்கப்பூரின் துவாஸிலோ பொங்கோலிலோ ஏதோ ஒரு சாரத்தின் மேல் நிற்கப் போகிறவர்கள். அதனால், பயிற்சி முடிந்ததும் கற்றவர் என்ன செய்வார் என்று பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் சொல்லும் கற்றல் விளைவுகளை வெறும் காகித வேலையாக என்னால் நினைக்க முடிவதில்லை. அங்கே எழுதும் ஒவ்வொரு வினைச்சொல்லும் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் வாக்கு.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லும் தம்பி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். ஹார்னஸ் எதற்கு என்றேன். "விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் சார்" என்றார். அதன் கயிற்றுக் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும்? "உறுதியான இடத்தில் சார், முடிந்தவரை தலைக்கு மேலே." இரண்டுமே சரி. இப்போது அணிந்து காட்டுங்கள் என்று கையில் கொடுத்தேன். தொடைப்பட்டைகள் இரண்டும் தளர்ந்து தொங்கின. முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நிற்க வேண்டிய, கயிற்றை இணைக்கும் டி வளையம் ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்தது. அந்த நிலையில் அவர் விழுந்தால் பட்டைகளுக்குள்ளேயே உடல் நழுவும். விழும் வேகம் முழுவதையும் தவறான இடத்தில் வாங்கும்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார். "புரிந்துகொள்வார்" என்ற வரியை வைத்து மதிப்பிட்டிருந்தால் அவர்தான் வகுப்பிலேயே முதல். எல்லாவற்றையும் கழற்றி, தோள்பட்டையிலிருந்து தொடங்கி மறுபடி அணியச் சொன்னேன். தொடைப்பட்டைக்குள் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்தால் போக வேண்டும், கையை முஷ்டியாக மடக்கினால் போகக் கூடாது, அதுதான் அளவு. கொஞ்ச நேரத்தில், நான் சொல்லாமலே அவர் தன் கையை நுழைத்துப் பார்க்கத் தொடங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவரின் பட்டையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

நான் அந்த வரியை இப்படித்தான் எழுதுகிறேன்: "தனக்குக் கொடுத்த ஹார்னஸைப் பிறர் உதவியின்றி அணிந்து, தொடைப்பட்டையில் உள்ளங்கை நுழையும், முஷ்டி நுழையாது என்ற அளவுக்கு இறுக்குவார்." யார் வந்து பார்த்தாலும் ஒரே தீர்ப்புதான் சொல்ல முடியும். அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962இலேயே இதற்கு வழி காட்டிவிட்டார். கற்றவர் என்ன செய்வார், எந்தச் சூழ்நிலையில் செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்ற மூன்றையும் எழுதச் சொன்னார். நம்மில் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

வினைச்சொற்கள் என்றாலே எல்லோரும், கற்றலைப் படிகளாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாட்டைத்தான் எடுத்து வைக்கிறார்கள். மதிப்புக்குரிய வேலை அது. ஆனால் அது எதற்காகப் பிறந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெஞ்சமின் புளூமும் பல்கலைக்கழகங்களில் தேர்வு நடத்திய மற்றவர்களும் தேர்வுக் கேள்விகளை வகைப்படுத்தி, தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதிக்காகத் தொடங்கிய முயற்சி, 1956இல் வெளிவந்தது. 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்று இன்று நாம் ஒப்பிக்கும் ஆறு படிகள் அந்தத் திருத்தத்தில் வந்தவை. அவை அறிவின் படிகள். கை செய்யும் வேலைக்கான படிகளை எலிசபெத் சிம்ப்சன் போன்றவர்கள் பின்னர் தனியாக வகுத்தார்கள். எங்களைப் போன்ற தொழிற்பயிற்சி வகுப்புகளுக்கு அதுதான் அதிகம் வேண்டும். அதைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு.

படிகளோடு ஒட்டிவரும் சொற்பட்டியல்கள் இன்னொரு சிக்கல். பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு வினைச்சொல்லின் கடினத்தை முடிவு செய்ய முடியாது. "தேர்ந்தெடுப்பார்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டமிடுவதும் தேர்ந்தெடுப்பதுதான். சாரத்தின் மேல் நின்று, தண்ணீர்க் குழாய், கேபிள் தட்டு, கைப்பிடிக் கம்பி, எஃகு உத்தரம் ஆகியவற்றில் எது ஒரு மனிதனின் விழும் எடையைத் தாங்கும் என்று பார்த்துக் கொக்கியை மாட்டுவதும் தேர்ந்தெடுப்பதுதான். வினைச்சொல்லுக்குப் பின்னால் எதை, எங்கே என்று எழுதாதவரை அந்த வரியில் ஒன்றும் இல்லை.

மேல்படிச் சொற்கள் இருந்தால்தான் பாடத்திட்டத்துக்கு மதிப்பு என்ற எண்ணம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஊழியர்களுக்கான ஒரு பாடத்தில் "விழுதல் தடுப்பு ஏற்பாட்டை வடிவமைப்பார்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சாரத்தில் நிற்பவர் புதிதாக எதையும் வடிவமைப்பதை நாம் விரும்பவே கூடாது. சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டின் உயரப் பணி விதிமுறைகளே பொறுப்புகளைப் பிரித்துத் தந்திருக்கின்றன. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய அபாயமுள்ள வேலைக்கு முன்அனுமதி வேண்டும். பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்த்து மதிப்பிடுவார், மேலாளர் அனுமதி வழங்குவார், ஊழியர் சோதிப்பார், அணிவார், மாட்டுவார். வினைச்சொற்களைச் சட்டமே கையில் கொடுக்கும்போது பட்டியலைப் புரட்ட வேண்டிய தேவை என்ன?

மேற்பார்வையாளர் பாடத்தில் நான் விடாமல் வைத்திருக்கும் சொல் "கணக்கிடுவார்". விழுபவர் தரையில் மோதாமல் நிற்க, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே எவ்வளவு உயரம் வேண்டும் என்ற கணக்கு அது. 1.8 மீட்டர் இணைப்புக் கயிறு, விழும் விசையைக் குறைக்க விரியும் அதிர்ச்சி தாங்கி முழுவதும் விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர், டி வளையத்துக்குக் கீழே ஆளின் உயரம் சுமார் 1.5 மீட்டர், அதற்கும் கீழே 1 மீட்டர் இடைவெளி. கூட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர். கால் மட்டத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு 4 மீட்டர் உயரத்தில் நிற்பவரை அந்தக் கயிறு பிடித்து நிறுத்துவதற்கு முன்பே தரை வந்துவிடும். இந்தக் கூட்டல் வராத மேற்பார்வையாளர் ஹார்னஸின் முக்கியத்துவத்தை எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை.

வினைச்சொல் மாறினால் வகுப்பறையே மாறும் என்பதையும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "பட்டியலிடுவார்" என்றால் ஒரு திரையும் நாற்காலிகளும் போதும். "பழுதைக் கண்டுபிடிப்பார்" என்றால் பழுது வேண்டும். அதற்காகவே நான் கழித்துப்போட்ட ஹார்னஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்: வெல்டிங் பொறி பட்டுக் கருகிய பட்டை, தையல் விட்டது, அடையாளச் சீட்டு கிழிந்துபோனது, அதிர்ச்சி தாங்கியின் உறை பிரிந்தது. நல்லவற்றோடு கலந்து மேசையில் பரப்பினால், வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவர்கள்கூட விரலால் தையலைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக ஒதுக்கி வைப்பார்கள்.

எனக்கு இன்னும் நிறைவு தராத வினைச்சொல் ஒன்று உண்டு: "மறுப்பார்." மாட்ட இடமில்லாதபோது ஏற மறுக்க வேண்டும். இதை வகுப்பில் நடித்துப் பார்க்கிறோம். நான் அவசரத்தில் இருக்கும் மேற்பார்வையாளர். "ஐந்து நிமிட வேலை தம்பி, சட்டென்று ஏறி முடித்துவிட்டு வா" என்பேன். எதிரில் இருப்பவர், "அண்ணே, கொக்கி மாட்ட இடம் இல்லை, இடம் காட்டினால் ஏறுகிறேன்" என்று சொல்ல வேண்டும். முதலில் குரல் எழும்பாது. பலர் சிரித்து மழுப்புவார்கள். பழகப் பழகக் கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் ஊரில் கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவருக்கு, உண்மையான வேலையிடத்தில் அந்த வாக்கியம் எவ்வளவு கனமானது என்பது எனக்குத் தெரியும். அவர் வாயால் சொல்ல முடிகிறது என்பதைத்தான் என் மதிப்பீட்டுத் தாள் காட்டும். சொன்ன பிறகு நடப்பது அவர் கையில் இல்லை.

அதனால் அந்த வரிக்கு இணையான ஒன்றை மேற்பார்வையாளர் பாடத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறேன்: "ஊழியர் மறுத்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, கொக்கி மாட்டும் இடத்தை நேரில் போய்ச் சோதித்துக் காட்டுவார்." அடுத்த திருத்தக் கூட்டத்தில் அதை "ஊக்குவிப்பார்" என்று மென்மையாக்கலாமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.