அரை மாத்திரை

ஜனவரி 8, திங்கள்

பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் நார்கோலெப்சி நோய்க்குப் புது மருந்து, மெத்தில்ஃபெனிடேட். காலை 7 மணிக்கு முதல் அரை. 10 மில்லிகிராம் மாத்திரையை நடுக்கோட்டில் உடைத்தேன். ஒரு பாதி ஒழுங்காக வந்தது. மற்றதில் ஓரம் உதிர்ந்துவிட்டது, அதுதான் பகல் 12 மணிக்கு. அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "தூங்கறதுக்கு மாத்திரை கேள்விப்பட்டிருக்கேன். முழிச்சிருக்கவும் மாத்திரையா?"

பதில் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 9

தடிப்பு எதுவும் இல்லை. போன மருந்தில் மூன்றாம் நாள்தான் வந்தது.

ஜனவரி 11, வியாழன்

இன்று 22 விடைத்தாள் திருத்தினேன். திருத்தியதைத் திரும்பவும் பார்த்தேன், எல்லாம் என் கையெழுத்துதான். போன மாதம் அப்படி இல்லை. தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறேன்: ஒரு தாளில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் "பால் வாங்கணும்". அந்தப் பெண் அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினாள், சிரிக்கவில்லை. அந்த முகம் மறக்காது.

மாத்திரை ஏறுவதும் இறங்குவதும் தெரிகிறது. எட்டு மணிக்கு உலகம் பக்கத்தில் வருகிறது, பதினொன்றுக்கு விலகிப் போகிறது. முதல் வகை வினை, அரை வாழ்காலம் என்று இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியதை இப்போது என் உடம்பு செய்துகாட்டுகிறது. அளவு பாதியாகக் குறைய எடுக்கும் அந்த நேரம் இந்த மருந்துக்கு ஏறக்குறைய மூன்று மணி. அதனால்தான் பகலில் இன்னொன்று. அதனால்தான் சாயங்காலம் கூடாது.

மதியம் ஆய்வகத்தின் பின்னறையில் பதினைந்து நிமிடம் படுத்தேன். டாக்டர் சொன்னது: மாத்திரை பாதி வைத்தியம், நேரம் பார்த்துத் தூங்குவது மீதிப் பாதி.

ஜனவரி 15, பொங்கல்

பானை பொங்கும்போது சின்னவள் குலவையிடத் தெரியாமல் நரி மாதிரி ஊளையிட்டாள். சிரித்தேன். முழங்கால் கழன்றது போல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், தாடை தொங்கியது, கண் திறந்திருந்தது, எல்லாம் கேட்டது. அரை நிமிடம். அவர் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அடுப்பு இரண்டடி தள்ளி.

சிரித்தால் உடம்பு இப்படித் தளர்ந்துபோவதும் இதே நோய்தான். இந்த மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது, இதற்கு வேறு மருந்து உண்டு என்றார்கள். ஒவ்வொன்றாகத்தான் ஆரம்பிப்பார்களாம், எது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமே.

என் பிள்ளை இனி என் முன்னால் சிரிக்க வைக்கப் பயப்படுவாளோ.

ஜனவரி 20, சனி

திருச்சி. போகும்போது பஸ்ஸில் தூங்கவில்லை. கல்லணைக் கால்வாயைப் பார்த்தேன்.

பிரஷர் 128/82, நாடி 86. ஆரம்பித்தபோது 122/78, 76. கூடும் என்று தெரியும். ஆனாலும் அப்பா 44 வயதில் போனவர், எனக்கு 41. அதைச் சொன்னதால்தான் முதல் நாளே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இந்த மருந்தை 1944-ல் முதலில் செய்த வேதியியலாளர் பானிசானின் மனைவி ரீட்டாவுக்கு இரத்த அழுத்தம் குறைவாம், டென்னிஸ் ஆடப்போகும் முன் போட்டுக்கொள்வாராம். ரிட்டலின் என்ற இதன் வணிகப் பெயரே அவரால் வந்ததுதான். அவருக்குச் சாதகமாக இருந்த அதே குணத்தைத்தான் நான் எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி காலையில் ஒரு முழு மாத்திரை, பகலில் ஒன்று. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. கும்பகோணத்தில் மருந்து கிடைக்காது, அங்கேயே வாங்கினோம். கடைக்காரர் சீட்டை இரண்டு முறை படித்தார், நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 24

பசியே இல்லை. இட்லி தொண்டையில் நிற்கிறது.

பிப்ரவரி 3, சனி, இரவு 1.40

எழுதியே ஆக வேண்டும்.

திருப்புதல் தேர்வுத் தாள் 64 மிச்சம். திங்களன்று கொடுத்தாக வேண்டும். ஆறு மணிக்குக் கண் சொருகியது. பெட்டிக்குள் இருந்த தாளில் நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தது. நான் எடுத்தது 20 தானே, இன்னும் இரண்டு போட்டாலும் 40 தானே என்று கணக்குப் போட்டேன். இரண்டையும் சேர்த்து விழுங்கினேன்.

64 தாளும் ஒன்பதரைக்குள் முடிந்தது. அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயம்.

இப்போது நெஞ்சு காதில் அடிக்கிறது. பதினொரு மணிக்கு நாடி 118, இப்போது 104. கை நடுங்குகிறது. வேதியியல் டீச்சர், இதைக் கணக்குப் பார்க்கவில்லை: ஆறு மணிக்கு 20, ஒன்பதுக்கு 10, நள்ளிரவுக்கு 5. நான் முதல் நாள் பயந்து பயந்து உடைத்துப் போட்ட அதே அரை மாத்திரை, நடுராத்திரியிலும் இரத்தத்தில்.

அவர் தூங்குகிறார். எழுப்பவா?

எழுப்பினேன்.

பிப்ரவரி 4

டாக்டருக்குப் போன் செய்தது அவர்தான். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ராத்திரி அதில் ஒன்று இருந்திருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்றாராம். இன்று மாத்திரை கிடையாது. காபியும் கிடையாது. நாளை பழைய அளவு.

என்னிடமும் பேசினார். "அறுபதுங்கறது வேலிம்மா. அதுவரைக்கும் போகலாம்னு அர்த்தம் இல்லை. உங்களுக்கு எவ்வளவு குறைச்சலா போதுமோ அதுதான் உங்க அளவு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாள் முழுக்கத் தூங்கினேன்.

பிப்ரவரி 6

அட்டையை இனி அவரிடம் கொடுத்து வைப்பது என்று நானே சொன்னேன். எண்ணிப் பார்த்தார்: 26.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆசிரியர் அறையில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பையன் பத்து மணிக்கே சாஞ்சிடறான் டீச்சர். உங்க மாத்திரைல நாலே நாலு குடுங்க, பரீட்சை வரைக்கும்."

எனக்கு இவ்வளவு கோபம் வந்து பல வருஷம் ஆகிறது. ஒரு ராத்திரி முழுக்க ஒயர்களோடு படுத்து, மறுநாள் பகலில் ஐந்து முறை தூங்கச் சொல்லி, சராசரி மூன்று நிமிடத்தில் தூங்கினேன் என்று நிரூபித்து, இதயத்தைப் பார்த்து, அதன் பிறகு அரை மாத்திரையில் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளையின் பிரஷரை யார் பார்த்தது? அவன் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதயம் நின்றதுண்டா என்று யார் கேட்டது? 1985 போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து, கைமாற்றுவதே குற்றம் என்றும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண் கலங்கியது. கவனக் குறைபாட்டு நோய் என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கக் கூட்டிப்போங்கள், நானும் கூட வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

என்னிடம் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிப்ரவரி 12

எடை 54-லிருந்து 52. இனி மாத்திரைக்கு முன்பே சாப்பாடு. செய்முறைத் தேர்வு தொடக்கம். பன்சன் அடுப்புக்குப் பக்கத்தில் நான் நிற்கக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், காரணத்தோடு. முதல் முறை.

பிப்ரவரி 17, சனி

பிரஷர் 124/80. நாடி 82. அளவு ஏற்றவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 20

சின்னவள் பள்ளிக் கதை சொல்லும்போது பாதியில் நிறுத்தி, "அம்மா, உக்காந்துக்கோ, சிரிப்பு வரப்போகுது" என்கிறாள்.

பிப்ரவரி 22, வியாழன்

மணி 3.50. இன்னும் ஒரு கட்டு தாள். கண் சொருகுகிறது. அட்டை அவரிடம் இருக்கிறது, கேட்டால் கொடுக்க மாட்டார். பின்னறையில் பாய் விரித்தாகிவிட்டது. பதினைந்து நிமிடம், அலாரம் வைத்து