அளவுகோலைக் கையில் வாங்கிப் பாருங்கள்

மனநல மருத்துவ மேற்படிப்பில் எனக்கு அதிகம் பயம் காட்டியது ஆய்வுக்கட்டுரையை அலசும் தாள்தான். ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை எவ்வளவு நம்பலாம், அதை வைத்து ஒரு நோயாளிக்கு என்ன முடிவெடுக்கலாம் என்று எழுத வேண்டும். முதல் முறை தேறவில்லை. அடுத்த முறைக்கு ஓராண்டு இருந்தது. அந்த ஓராண்டில் மனச்சோர்வு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), முதுமையின் மனநலம் ஆகிய மூன்று பகுதிகளில் மட்டும் கட்டுரைகளைப் படித்தேன். படித்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் முறை நான் முடிவுகளை மனப்பாடம் செய்திருந்தேன். எந்த மருந்து எதைவிட மேல் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்வி வேறு: "மனச்சிதைவு மருந்து ஆய்வுகளில் அறிகுறிகள் 50 சதவீதம் குறைந்தன என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?" முன்னே இருந்த எண்ணையும் பின்னே வந்த எண்ணையும் வைத்து வகுப்பது என்றேன். தவறு.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது, மனச்சிதைவு அறிகுறிகள் எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடும், 1987-இல் வெளியான பான்ஸ் அளவுகோல். அதில் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அறிகுறி எதுவுமே இல்லாத ஒருவருக்கும் 30 வந்துவிடும். ஆகவே அந்த 30-ஐக் கழித்துவிட்டுத்தான் சதவீதம் போட வேண்டும். ஒருவர் 90-இலிருந்து 60-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது போலத் தெரியும். கழித்துப் பாருங்கள்: 60 இருந்தது 30 ஆகியிருக்கிறது, சரிபாதி. கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து அதே நோயாளி மருந்தால் பலன் கண்டவர் பட்டியலில் ஏறுவார் அல்லது ஏறமாட்டார். அளவுகோலின் தாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்திருந்தாலே இது எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கட்டுரையின் முடிவைப் படிக்கும் முன் அதில் பயன்பட்ட அளவுகோலின் வெற்றுப் படிவத்தைத் தேடி எடுப்பேன். கற்பனையாக ஒரு நோயாளியை வைத்து முழுவதும் நிரப்புவேன். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் பத்துக் கட்டுரைகளுக்கு உதவும், ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் அளவுகோல்கள் ஒரு கைப்பிடிதான்.

மனச்சோர்வில் முதலில் எடுக்க வேண்டியது 1960-இல் வந்த ஹாமில்டன் அளவுகோல். அதன் 17 கேள்வி வடிவத்தில் அதிகபட்சம் 52. தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், ஆறு மதிப்பெண்கள். பசி, எடை, உடல் அசதிக்கும் தனித்தனி இடம் உண்டு. இப்போது யோசித்துப் பாருங்கள்: தூக்கம் வரவழைக்கும் மருந்து ஒன்று, மனத்தின் துயரத்தைத் தொடாமலேயே சில புள்ளிகளைக் குறைத்துவிடும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்தே இல்லாத மாத்திரை) இடையே தெரியும் சராசரி வேறுபாடே ஏறத்தாழ இரண்டு புள்ளிதான் என்பதைப் பக்கத்தில் வைத்தால், புள்ளிகள் எந்தக் கேள்வியிலிருந்து வந்தன என்று பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

இதை ஏட்டில் படித்தபோது பாதிதான் புரிந்தது. மீதியைப் புரியவைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பயிற்சியின் பகுதியாக அவரிடம் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். தூக்கம், அசதி, பசி எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. "தூக்கமே வரலியா பாட்டி?" என்றேன். "முட்டி இப்படி வலிச்சா தூக்கம் எங்கேருந்து கண்ணு வரும்? பேரப்பிள்ளை வந்தா எல்லாம் மறந்துபோகும், அவன் போனதும் வலி வந்துடும்" என்றார். 12 மதிப்பெண் வந்திருந்தது. அதில் எவ்வளவு மனச்சோர்வு, எவ்வளவு மூட்டு வலி? படிவத்துக்குத் தெரியாது. எனக்கும் அவரோடு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதியோருக்கென்று தனி அளவுகோல் ஏன் வேண்டியிருந்தது என்பது அன்றைக்கு விளங்கியது. 1980-களின் தொடக்கத்தில் யெசவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு அளவுகோலில் 30 கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். தூக்கம், பசி போன்ற உடல் சார்ந்தவற்றை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் 15 கேள்விச் சுருக்கமும் வந்தது. முதியோர் பற்றிய கட்டுரை எது கிடைத்தாலும், பொது அளவுகோலை வைத்தார்களா, இதை வைத்தார்களா என்று பாருங்கள். பொது அளவுகோல் என்றால் உடல் நோய்களை எப்படிப் பிரித்தார்கள் என்ற கேள்வியை உடனே எழுதிவிடலாம்.

அப்புறம், ஆய்வில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது. வயது வரம்பைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். நானும் அப்படியே கடந்துபோய்க்கொண்டிருந்தேன். மனச்சிதைவு மருந்துகளை ஒப்பிட்ட பெரிய அமெரிக்க ஆய்வான கேட்டியின் முடிவு 2005-இல் வந்தது. 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் தங்களுக்குத் தரப்பட்ட மருந்தை விட்டுவிட்டார்கள் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அறுபத்தெட்டு வயது நோயாளிக்கு அந்த ஆய்வு நேரடியாக எதுவும் சொல்லவில்லை.

சில சமயம் நோயின் வரையறையே ஆட்களை வெளியே நிறுத்திவிடுகிறது. 1980-இல் வந்த, மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-3, மனச்சிதைவு 45 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்றது. 1987-இன் திருத்தத்தில் அந்த வரம்பு நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வரையறையை அப்படியே பின்பற்றிய ஓர் ஆய்வில் ஐம்பது வயதில் நோய் கண்ட பெண்மணிக்கு இடமே இல்லை. 2000-இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று 40-க்கு மேல் தொடங்குவது தாமதமாகத் தொடங்கும் மனச்சிதைவு, 60-க்கு மேல் தொடங்குவது மனச்சிதைவு போன்ற உளப்பிணி (சைக்கோசிஸ்) என்று பிரித்தது. இவர்களில் பெண்கள் அதிகம், காது மந்தமானவர்கள் அதிகம். சுவர் வழியாக யாரோ வீட்டுக்குள் வருகிறார்கள் என்ற நம்பிக்கை அடிக்கடி காணப்படும். பழைய கட்டுரையைப் படித்தால் அது எந்த ஆண்டு, எந்த வரையறை என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ஒரு குறிப்புக்காகவே மதிப்பெண் கிடைத்தது என்று நம்புகிறேன்.

இன்னொன்று மனத்தைக் கனக்க வைப்பது. மனச்சிதைவு உள்ளவர்களின் ஆயுள் சராசரியாக ஏறத்தாழ 15 ஆண்டுகள் குறைவு. ஆகவே முதிய மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றிய எந்த ஆய்வும் பிழைத்திருப்பவர்களைப் பற்றியது. வயதானால் அறிகுறிகள் தணிகின்றன என்று ஒரு கட்டுரை சொன்னால், உண்மையில் தணிந்தனவா, அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அந்த வயதை எட்டவே இல்லையா என்று கேட்க வேண்டும். இறந்துபோனவர்கள் அட்டவணையில் வரமாட்டார்கள். அவர்களுக்காக வாசிப்பவர்தான் கேட்க வேண்டும்.

காரணம், விளைவு குறித்த கேள்விக்கு ஒரே ஓர் ஆய்வை ஆழமாகப் படித்தால் போதும் என்பது என் கருத்து. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த வைட்ஹால் இரண்டாம் ஆய்வு அது. மனச்சோர்வு பிற்கால மறதிநோய்க்குக் காரணமா என்ற கேள்வியை 2017-இல் 28 ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தார்கள். நடுவயதில் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு மறதிநோய் அதிகம் வரவில்லை. பின்னாளில் மறதிநோய் வந்தவர்களிடம் அது கண்டறியப்படுவதற்குச் சுமார் 11 ஆண்டுகள் முன்பிருந்தே மனச்சோர்வு அறிகுறிகள் கூடத் தொடங்கியிருந்தன. அப்படியானால் முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் முதல் அடியாகவே இருக்கலாம். ஐந்தாண்டு மட்டும் தொடர்ந்த ஆய்வாக இருந்தால் மனச்சோர்வுதான் காரணம் என்றே தோன்றியிருக்கும். எத்தனை ஆண்டு தொடர்ந்தார்கள் என்ற எண்ணுக்கு அவ்வளவு எடை.

எண்களைப் பற்றிக் கேட்டால், இரட்டை எழுத்து என்ற ஒரு பயிற்சியை மட்டும் சொல்வேன். எந்த ஒப்பீட்டு எண்ணைப் பார்த்தாலும் அதன் நேரடி எண்ணையும் பக்கத்தில் எழுதுவது. மறதிநோய் உள்ள முதியோருக்குப் புதிய தலைமுறை உளப்பிணி மருந்துகள் தருவது பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது. மரண அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு என்றது. அதே எச்சரிக்கையில், சுமார் பத்து வார ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் போலி மருந்து எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்தார்கள் என்பதும் இருக்கிறது. கழித்தால் 1.9, அதாவது ஏறத்தாழ 53 பேருக்கு மருந்து கொடுத்தால் ஒரு கூடுதல் மரணம். குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசும்போது இந்த இரண்டாவது எண்தான் அவர்களுக்குப் புரிகிறது. தேர்விலும் இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாம் முறை தேர்வு அறையில் கட்டுரை கையில் வந்ததும் அதன் சுருக்கத்தின் மேல் விடைத்தாளை வைத்து மறைத்துவிட்டேன். நேராக ஆய்வு முறைப் பகுதிக்குப் போய் மூன்றை மட்டும் வட்டமிட்டேன்: அளவுகோலின் பெயர், வயது வரம்பு, தொடர்ந்த காலம். அந்த மூன்றுக்கும் என் கேள்விகளை எழுதி முடித்த பிறகுதான் விடைத்தாளை நகர்த்தி, அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று படித்தேன்.