பாசல் ராட்ஹவுஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மார்க்ட்பிளாட்ஸ் டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடம்தான் ராட்ஹவுஸ், அதாவது நகர மண்டபம். பாசல்-ஸ்டாட் கன்டோனின் (மாநிலத்தின்) பாராளுமன்றமும் இதுதான். ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் சுமார் 20 நிமிடம்.

பலர் உயரமான கோபுரத்தைப் படமெடுத்துவிட்டு, "500 வருடப் பழசு" என்று போட்டுவிடுகிறார்கள். கோபுரம் 1900ஐ ஒட்டிச் சேர்த்தது. முகப்பில் பழையது மூன்று வளைவுகள் உள்ள நடுப்பகுதி மட்டும்தான். 1501இல் பாசல் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது, சில வருடங்களிலேயே இதைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடிகாரத்துக்கு மேலே நிற்கும் பெண் சிலையை நிதானமாகப் பாருங்கள். முதலில் அது குழந்தையை ஏந்திய மேரி மாதா. மதச் சீர்திருத்தத்தில் கத்தோலிக்க ஊர் புராட்டஸ்டன்ட் ஆன பிறகு குழந்தையை எடுத்துவிட்டு, தராசு கொடுத்து நீதி தேவதையாக்கிவிட்டார்கள். ஒரு ஊரே மதம் மாறிய கதை அந்த ஒரு சிலையில் இருக்கிறது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அலுவலக நேரத்தில் முற்றத்துக்குள் போகலாம், கட்டணம் கிடையாது. சுவர் ஓவியங்களும், படிக்கட்டு ஓரம் ரோமானியத் தளபதி முனாத்தியுஸ் பிளாங்குஸ் சிலையும் (1580) அங்கேதான்.

100 உறுப்பினர்கள் கொண்ட சபை பெரும்பாலும் புதன்கிழமை கூடும். பார்வையாளர் மாடத்திலிருந்து கேட்கலாம், பேச்சு ஜெர்மனில். எல்லாப் புதனும் கூட்டம் இருக்காது, அதனால் கூட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் வெயில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வரும், படம் இருண்டுவிடும். போதாததற்குக் காலையில் சந்தைக் கடைகளும் மறைக்கும். மதியத்துக்கு மேல் போங்கள், சிவப்பு பளிச்சென்று தெரியும்.