மாஸ்டரிடம் சொல்லாத பாட்டு

மிருதங்க மாஸ்டர் போய்விட்டார் என்று மாசியில் வைபரில் செய்தி வந்தது. அதே கிழமைதான் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். விடுதியைப் பற்றி எழுத நினைத்து உட்கார்ந்தேன், ஆனால் மனம் ஓர் இங்கிலீஷ் பாட்டுக்கே போகிறது. அந்தப் பாட்டு இல்லாமல் மாஸ்டரை நினைக்க எனக்குத் தெரியவில்லை.

1984இல் மான்செஸ்டருக்குப் படிக்க வந்தேன். பகலில் கணக்கியல், வெள்ளி சனி இரவுகளில் மாணவர் மண்டபத்தில் டிஜே, அப்புறம் லண்டனில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பிறந்தநாள் என்று இருபது வருஷத்துக்கு மேல் இசைத்தட்டுப் போட்டிருக்கிறேன். ஆனாலும் எனக்கு என்றும் ஒரே பாட்டுத்தான்: நியூ ஓடர் என்ற இசைக்குழுவின் 'ப்ளூ மண்டே'. அந்த ஊர்ப் பெடியள். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980இல் இறந்த பிறகு, மிஞ்சிய மூன்று பேரும் கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள். இந்தப் பாட்டு வந்தது 1983 மார்ச்சில். நாங்கள் ஊரில் அந்த ஆடிக் கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வருஷம்.

ஏழரை நிமிஷம். தொடக்கத்தில் ட்ரம் மெஷின் மட்டும், நிமிஷத்துக்கு ஏறத்தாழ 130 அடி. டிஜேக்கு இதைவிட என்ன வேண்டும், முந்தின பாட்டு முடியமுதலே அதன்மேல் இதை ஏற்றிவிடலாம். இடது விரலால் இசைத்தட்டைப் பிடித்துக்கொண்டு, ஹெட்போனை ஒரு காதில் தோளால் அமுக்கிக்கொண்டு நிற்பேன். வலது கை தொடையில் தானாக எண்ணும்: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம். ஓரடியை நாலாக உடைத்துக்கொண்டு அந்த ட்ரம் ஓடும் இடத்தில் எனக்குக் கேட்டது தகதிமி தகதிமி, அதுவும் மாஸ்டரின் குரலில்.

1979 வாணி விழா உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கீர்த்தனையின் நடுவே எனக்கு ஓரடி தவறிப்போனது. மாஸ்டர் பின்னாலிருந்து கையை நீட்டி மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் உள்ளங்கையை வைத்தார். சத்தம் நின்றது. மிருதங்கத்தை என் மடியிலிருந்து இழுத்து, எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த பெடியனிடம் கொடுத்தார். மங்களம் வரைக்கும் வெறும் மடியோடு மேடையிலேயே இருந்தேன். அம்மா முன்வரிசையில்.

அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வரச்சொன்னார். மூன்று மாதம் மிருதங்கத்தைத் தொடவே விடவில்லை, கைத்தாளம் மட்டும்தான். லண்டனில் எத்தனை மண்டபம், எத்தனை இரவு, ஒரு மிக்ஸ் கூடப் பிசகியதில்லை என்றால் அந்த மூன்று மாதம்தான் காரணம். அவர் செய்தது கொடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் தந்ததை வேறு யாரும் எனக்குத் தரவில்லை என்றும் நினைக்கிறேன்.

பிற்காலத்தில் ஒரு பேட்டியில் வாசித்தேன்: 'ப்ளூ மண்டே'யின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக, ஏற்றிவைத்ததைத் தானாக வாசிக்கும் சீக்குவென்சர் கருவியில் ஏற்றும்போது கில்லியன் கில்பர்ட் ஒன்றைத் தவறவிட்டாராம். அதனால்தான் அந்த மெட்டு தாளத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அப்படியே விட்டுவிட்டார்கள். உலகமே அதற்கு ஆடியது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2003இல் போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம், ஏ9 நெடுஞ்சாலை வழியாக ஊருக்குப் போனேன். மாஸ்டர் விறாந்தையில் பாய் போட்டு ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். "அங்க என்ன செய்யிறாய்?"

"கணக்காளர், சேர்."

"தாளத்தை விட்டிட்டியோ?"

என் பையில் சீடி வோக்மன் இருந்தது, அதற்குள் அந்தப் பாட்டு இருந்தது. ஹெட்போனை அவர் காதில் வைத்திருக்கலாம். அவர் தொடையில் கை தட்டத் தொடங்கியிருப்பார்.

"விட்டிட்டன், சேர்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கையைத் தடவிப் பிடித்து, வலந்தலையில் வைத்து, "முதலிலயிருந்து" என்றார்.