அம்மாவின் 108 சிலேட்டு

2012இல் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் போட்ட மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவி விளக்கேற்றி, அம்மா ஒரு வேண்டுதல் வைத்தார். கூத்தனூர் சரஸ்வதி காலடியில் 108 சிலேட்டு வைத்து எடுத்து வந்து, தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். "எல்லாரும் பேனா வைப்பாங்க. நம்ம புள்ளைங்களுக்கு எதுக்குடி பேனா?" என்றார்.

அடுத்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஏழு வருஷம் அம்மா ஊரைத் தாண்டவில்லை. 2019இல் அப்பா போனார். அப்புறம் கொரோனா. அப்புறம் அம்மாவுக்கே முடியாமல் போனது. 2022இல் அவரும் போனபோது வேண்டுதல் எனக்கும் தம்பிக்கும் வந்து சேர்ந்தது. தலைத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

சிலேட்டு கிடைப்பதுதான் இவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்? கடைக்குக் கடை பிளாஸ்டிக் பலகையை எடுத்துக் காட்டினார்கள். மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு என்றதும் ஒருவர் சிரித்தே விட்டார். மூன்று ஊர் அலைந்து கல் சிலேட்டு 90 சேர்ந்தது. மீதி 18 தகரம். தகரச் சிலேட்டு அம்மாவுக்குப் பிடிக்காது, பல்பம் கீச்சிடும். மன்னித்துக்கொள்வார்.

2024 மகாளய அமாவாசை அக்டோபர் 2ஆம் தேதி வந்தது. காந்தி ஜெயந்தி, தம்பிக்கு விடுமுறை. முதலில் செதலபதியில் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம், பிறகு பக்கத்திலேயே கூத்தனூர் என்று ஏற்பாடு. முதல் நாள் ராத்திரியே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிளம்பினோம். கூட சித்தியும் வந்தார். வழியில் வேறொரு தலத்தில் (பெயர் எதற்கு?) இறங்கிக் கும்பிடப் போனால், வேட்டி கட்டிய ஒருவர் "ஸ்பெஷல் தரிசனம், ஆளுக்கு ஐநூறு" என்று தேர் நிலை வரை துரத்திக்கொண்டே வந்தார். சித்தி நின்று, "எங்க அக்கா வாத்தியார், தெரியுமில்ல?" என்று ஒரு சத்தம் போட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ, அந்த ஆள் போய்விட்டார்.

பூந்தோட்டம் வந்தால் வண்டி நகரவில்லை. விடுமுறையும் அமாவாசையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! செதலபதி அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். இறங்கி நடந்தோம். சிலேட்டு மூட்டையை வண்டியிலேயே விட்டு வரலாம் என்றேன். தம்பி கேட்கவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் மூட்டையை மட்டும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அவர் பின்னாலேயே தம்பி ஓடியதைப் பார்த்து, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ராமர் தசரதருக்கும் ஜடாயுவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்த இடம். திலம் என்றால் எள். செதலபதிக்குத் திலதர்ப்பணபுரி என்று அதனால்தான் பெயர். வெளியே மனித முகத்தோடு இருக்கும் விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே போனோம். வரிசையாக உட்கார வைத்து, ஐயர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பா வழியில் மூன்று தலைமுறை தம்பி சொல்லிவிட்டான். அம்மா வழியில் அம்மா பெயர், அம்மாயி பெயர். அதற்கு மேலே? தம்பி என்னைப் பார்த்தான், நான் சித்தியைப் பார்த்தேன். "எங்க அம்மாவப் பெத்தவங்கள ஆத்தான்னுதான் கூப்பிடுவோம். பேர யாரு கேட்டா?" என்றார் சித்தி.

35 வருஷம் வருகைப் பதிவேடு எடுத்த அம்மாவுக்கு ஊரில் மூன்று தலைமுறைப் பெயரும் இனிஷியலோடு தெரியும். பேருந்தில் நரைத்த ஆளைப் பார்த்து "டேய், நீ 83ஆம் வருஷம்தானே?" என்பார். அவருடைய அம்மாயி பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத்தான் இல்லை.

பின்னால் வரிசை நெருக்குகிறது. ஐயர், "பேர் தெரியலேன்னா ஒரு நதி பேரைச் சொல்லுங்கோ" என்றார். தம்பி யோசிக்கவே இல்லை. "சரஸ்வதி" என்றான். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கியது. முக்தீஸ்வரரையும் சொர்ணவல்லி அம்மனையும் கும்பிட்டு வெளியே வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

கூத்தனூருக்குப் போகும்போது உச்சி வேளை. நடை சாத்திவிடுவார்களோ என்று ஒரே பதற்றம். சோழர் அவையில் மூன்று ராஜாக்களுக்குப் புலவராக இருந்த ஒட்டக்கூத்தருக்குக் கிடைத்த ஊர், அதனால் கூத்தனூர் என்று அம்மா ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். மறுநாள் நவராத்திரி ஆரம்பம் என்பதால் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. சரஸ்வதி பூஜையன்று அம்பாளின் பாத தரிசனத்துக்கு வந்திருக்கலாமே என்று சித்தி அங்கலாய்த்தார். அந்தக் கூட்டத்தில் 108 சிலேட்டோடு எங்கே நிற்பது?

எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள், பேனாவும் நோட்டுமாக. குருக்களிடம் ஒரு கட்டுச் சிலேட்டையும், மேலே அம்மாவின் சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். மை காய்ந்து இரண்டு வருஷமான பேனா. மூடியில் அம்மா கடித்த பல் தடம் இருக்கும். நோட்டுத் திருத்தும்போது கடிப்பார்.

"யாருக்குப் பரீட்சை?" என்றார் குருக்கள்.

எனக்கு வாய் வரவில்லை. தம்பிதான், "பரீட்சை எல்லாம் முடிஞ்சிருச்சு சாமி. எங்க அம்மா டீச்சர்" என்றான்.

அவர் ஒரு நொடி நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் பேனாவை அம்பாள் பாதத்தில் வைத்து, கற்பூரத்தை மெதுவாக, மிக மெதுவாக, முகத்துக்கு நேரே உயர்த்தினார். வெள்ளைப் புடவை, ஒரு கையில் புத்தகம். அந்தப் புத்தகத்தின் மேலேதான் வெளிச்சம் நின்றது. திண்ணையில் அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா தெரிந்தார். 1991இல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது 37 வயதில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பழகினாரே, முட்டி சிராய்ந்து வந்து சிரித்தாரே, அந்த அம்மா. களை எடுத்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வரும் பெண்களின் கையைப் பிடித்து எழுத வைத்தவர். அவர் இறந்த அன்று ஒரு கிழவி வந்து, "உங்கம்மா சொல்லிக் குடுத்த கையெழுத்துலதான் என் காணிப் பத்திரம் இருக்கு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். வேண்டிக்கொள்ள வந்ததெல்லாம் மறந்துவிட்டது. மகனுக்கு வேலை, என் சர்க்கரை, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தாயே, இப்படி ஒருத்திக்கு எங்களைப் பிள்ளையாகக் கொடுத்தாயே, போதும் தாயே என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். "நகருங்கம்மா" என்று யாரோ முதுகில் தள்ளினார்கள்.

கட்டின் மேல் சிலேட்டில் குருக்கள் வைத்த மஞ்சளும் குங்குமமும் விரல் தடத்தோடு அப்படியே இருந்தது. தம்பி அதைத் துடைக்கவே விடவில்லை. வீடு வரும்வரை மடியில் வைத்திருந்தான்.

விஜயதசமியன்று பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தது ஏழு பிள்ளைகள். மீதிச் சிலேட்டுகள் அலமாரியில் இருக்கின்றன, வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். குங்குமச் சிலேட்டு ரெட்டைச் சடை போட்ட ஒரு வாண்டுக்குப் போனது. அது சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஆள்காட்டி விரலில் எச்சிலைத் தொட்டது. தம்பி பதறி எழுவதற்குள் பரபரவென்று தேய்த்துவிட்டது.

"எச்சில் தொட்டு அழிக்காதடி, சரஸ்வதி! போய் கோவை இலை பறிச்சிட்டு வா!"

சொன்னது நான்தான். சித்தி திரும்பி என் முகத்தையே பார்த்தார். வாண்டு எதையும் கண்டுகொள்ளவில்லை. ஈரம் காயட்டும் என்று சிலேட்டை ஊதிக்கொண்டிருந்தது.