தேமல் இலையைக் கண்டதும் வைரஸின் பெயரை எழுதிவிடாதீர்கள்

தாவர நோயியல் முதுநிலைச் செய்முறைத் தேர்வில் எனக்குக் கிடைத்த மாதிரி, பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த ஒரு தர்பூசணி இலை. பார்த்த மாத்திரத்தில் 'வெள்ளரித் தேமல் வைரஸ்' என்று எழுதினேன் என்பதைவிட, யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்பதே சரி, மதிப்பெண் போயிற்று. பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் டபிள்யூ வகை, சுக்கினி மஞ்சள் தேமல் வைரஸ், தர்பூசணித் தேமல் வைரஸ் ஆகியவையும் ஏறக்குறைய அதே தேமலைத்தான் உண்டாக்குகின்றன. நான்கையும் பரப்புவது, இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியே. பழைய நூல்களில் 'தர்பூசணித் தேமல் வைரஸ் 1' என்றிருப்பது இன்றைய டபிள்யூ வகைதான் என்பதையும், பெயரில் பப்பாளி இருந்தாலும் அது பப்பாளியைத் தாக்குவதில்லை என்பதையும் வாய்மொழித் தேர்வுக்கு நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு நான் இலையை விட்டுவிட்டுக் கொடி முழுவதையும் பார்த்துப் படித்தேன். தரையில் படரவேண்டிய கொடியின் நுனி நிமிர்ந்து நின்று, கணுவிடை குறுகி, மொட்டுக் கருகிக் காய்ந்திருந்தால், இலைப்பேன் என்னும் நுண்பூச்சி பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸை முதலில் ஐயுறலாம். பழத்தை அறுத்தால் சதை பஞ்சுபோல் தளர்ந்து நிறம் கெட்டிருக்குமானால், விதையாலும் கத்தியாலும் கைபட்டும் பரவும் வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸை நினைக்கவேண்டும். முலாம்பழக் கொடியின் முதிர்ந்த இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகும்போது, மக்னீசியக் குறைபாடு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது அசுவினிவழி மஞ்சள் நோய் வைரஸாகவும் இருக்கலாம்.

ஆய்வகத்தில் நான் இடறியது சாறு தடவும் சோதனையில், அதாவது நோயுற்ற இலையின் சாற்றை வேறொரு செடியின் இலையில் தடவி, நோய்ப்புள்ளி எழுகிறதா என்று பார்ப்பதில். மொட்டுக் கருகல் வைரஸ் மிக எளிதில் செயலிழப்பது என்பதால், இளம் இலையை, வைரஸ் செயலிழக்காமல் காக்கும் மெர்காப்டோஎத்தனால் என்னும் வேதிப்பொருள் சேர்த்த, அமில-காரநிலை மாறாத குளிர்ந்த தாங்கல் கரைசலில், பனிக்கட்டியின் மேல் வைத்து அரைத்து, உடனே தட்டைப்பயறு இலையில் தடவவேண்டும். நானோ அறை வெப்பத்தில் நிதானமாக அரைத்துக்கொண்டிருந்தேன், ஒரு புள்ளிகூட எழவில்லை.

எதிர்ப்புரதத்தைக் கொண்டு வைரஸ் இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் எலிசா சோதனையில் நோயற்ற இலைச்சாறும் வெறும் கரைசலும் ஒப்பீட்டுக்கு இல்லையென்றால், குழியில் தோன்றும் மஞ்சள் நிறத்துக்குப் பொருளே இல்லை. மேற்சொன்னவை ஆர்என்ஏவை மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸ்கள் என்பதால், அதை முதலில் டிஎன்ஏவாக மாற்றிப் பின் பெருக்கிக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் சோதனை வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் தக்காளி இலைச்சுருள் புதுதில்லி வைரஸ் டிஎன்ஏ உடையது, அதற்கு அந்த மாற்றம் தேவையில்லாத நேரடிப் பிசிஆர் போதும். ஒன்று உறுதியானதும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் ஒரே கொடியில் இரண்டு மூன்று வைரஸ்கள் சேர்ந்திருப்பது வயலில் வழக்கமானது.